யாழ்ப்பாணத்து வீட்டுக்கு ஒரு கிழமைச் சாப்பாட்டுத் திட்டம்: படிப்படியான முழு வழிகாட்டி

ஐந்து பேர் உள்ள ஒரு வீட்டை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். உழைக்கிற இருவர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், ஒரு அம்மம்மா. எங்கள் வீடு அப்படித்தான். 2022 இல் சாமான் விலைகள் ஏறியபோது வேறு வழியில்லாமல் கிழமைக் கணக்கில் சமைக்கத் தொடங்கினேன். பிறகு அக்கம்பக்கத்தவருக்கும் புதிதாகக் கலியாணமான பிள்ளைகள் சிலருக்கும் சொல்லிக் கொடுத்தேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் தடுக்குப்படுகிறார்கள். சமையலில் அல்ல, வரிசையில். கடைசியாக முடிவு செய்யவேண்டியதை முதலிலேயே முடிவு செய்துவிட்டுச் சந்தைக்குப் போகிறார்கள்.

ஆகவே கீழே உள்ளவற்றை எழுதிய ஒழுங்கிலேயே செய்யுங்கள். விலைகளை நான் குறிப்பிடவில்லை. அவை கிழமைக்குக் கிழமை மாறும். நீங்களே உங்கள் கொப்பியில் எழுதப் போகிறீர்கள்.

1. தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை

ஒரு கொப்பி, ஒரு சுண்டு, மூடி இறுகும் கண்ணாடிப் போத்தல்கள் ஐந்தாறு. அவ்வளவுதான்.

தராசு தேவையில்லை. ரின்பால் பேணிச் சுண்டால் ஒரு சுண்டு அரிசி ஏறத்தாழ 200 கிராம், ஐந்து சுண்டு ஒரு கிலோ. கையால் அள்ளிப் போடும் பழக்கம் இருந்தால் அதை இன்றோடு விடுங்கள். அரைச் சுண்டு கூடப் போடுவது பெரிதாகத் தெரியாது. ஆனால் நாளுக்கு அரைச் சுண்டு என்றால் மாதத்துக்கு மூன்று கிலோ அரிசி.

போத்தல் கண்ணாடியாக இருப்பது நல்லது. பயறு எவ்வளவு மிச்சம் என்று பார்த்த உடனே தெரியவேண்டும். பேப்பர்ப் பையில் முடிந்து வைத்தால் இருக்கிறதையே மறந்து இன்னொரு கிலோ வாங்குவோம், பழையதில் வண்டு வைத்துவிடும்.

2. இரண்டு கிழமை எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகப் பார்ப்பார்கள். தாண்டாதீர்கள்.

வாயில் போகும் எல்லாவற்றுக்கும் கொடுத்த காசை எழுதுங்கள். சந்தைக் கணக்கு மட்டும் போதாது. பின்னேரம் வாங்கிய பணிஸ், பிள்ளைகளின் பிஸ்கட், திடீரென்று வாங்கிய ஒரு றாத்தல் பாண், கடைச் சோற்றுப் பார்சல் எல்லாம் வரவேண்டும். பக்கத்திலேயே எறிந்ததையும் எழுதுங்கள்: அழுகிய தக்காளி, ஊசிப்போன சோறு, வாடிய கீரை.

நான் பார்த்த வீடுகளில் காசை அதிகம் விழுங்கியது அரிசியோ மீனோ அல்ல. சின்னச் சின்னப் பொட்டலங்களும், சமைக்க நேரமில்லாத நாட்களில் வாங்கிய கடைச்சாப்பாடும்தான். உங்கள் வீட்டில் எது என்று உங்கள் கொப்பி சொல்லும். அது தெரியாமல் திட்டம் போட்டால் மீனைக் குறைத்துப் பிள்ளைகளை வாடவிட்டு, பிஸ்கட்டை அப்படியே விட்டுவிடுவோம்.

3. ஒரு வேளைக்கு எவ்வளவு என்று பிடியுங்கள்

எங்கள் வீட்டு அளவு இது. மத்தியானச் சோற்றுக்கு ஐந்து பேருக்கும் இரண்டேகால் சுண்டு அரிசி. பருப்புக் கறி என்றால் 250 கிராம் பருப்பு. கிழமைக்குப் பருப்பு, பயறு, கௌபி, கடலை எல்லாம் சேர்த்து ஒன்றேகால் கிலோ, பத்து முட்டை, ஐந்து தேங்காய், மீன் ஒன்றேமுக்கால் கிலோ.

பருப்பில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்கவேண்டாம். 100 கிராம் காய்ந்த பருப்பில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு. 250 கிராம் போட்டால் ஆளுக்கு 12 கிராம் வரும், அது இரண்டு முட்டைக்குச் சமம். அதே பருப்பை 100 கிராம் போட்டுத் தண்ணியாகக் கரைத்து ஊற்றினால் சோற்றுக்கு நிறம் வரும், பிள்ளைக்குச் சத்து வராது. பருப்பு, பயறு வகைகளைச் சோற்றோடு சாப்பிடும்போது ஒன்றில் குறைந்த புரதக்கூறை மற்றது நிரப்பும். உழுந்தும் அரிசியும் சேர்ந்த தோசையும் அப்படித்தான்.

அரிசி சிவப்புப் புழுங்கலாக இருக்கட்டும். நார்ச்சத்து கூட, பசியும் மெதுவாக வரும். வீட்டில் நீரிழிவுக்காரர் இருந்தால் அவருக்குத் தனிச் சமையல் வேண்டியதில்லை. சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் வறையையும் காயையும் கூட்டுங்கள். மருந்து எடுக்கிறவர் என்றால் எவ்வளவு குறைப்பது என்பதை வைத்தியரிடம் கேட்டே செய்யவேண்டும்.

4. நாட்களின் குணத்தை முதலில் குறியுங்கள்

கொப்பியில் ஏழு நாளையும் எழுதி, ஒவ்வொரு நாளும் எப்படிப்பட்ட நாள் என்று மட்டும் குறியுங்கள். சாப்பாட்டை இன்னும் எழுதவேண்டாம்.

வெள்ளி மரக்கறி. சில வீடுகளில் செவ்வாயும். கந்தசஷ்டி, புரட்டாதிச் சனி, நல்லூர்க் கொடியேறிய பிறகு வரும் நாட்கள் எல்லாம் முன்கூட்டியே தெரிந்தவை. பிள்ளைகளுக்கு ரியூசன் இருந்து இரவு பிந்தும் நாட்கள், வேலையால் களைத்து வரும் நாட்கள், சந்தைக்குப் போகக்கூடிய நாட்கள் எவை என்றும் குறியுங்கள்.

இதற்குக் காரணம் இருக்கிறது. வெள்ளி மரக்கறி என்றால் வியாழன் வாங்கும் மீன் வியாழனே முடியவேண்டும். வெள்ளிக் கடலைக்கு வியாழன் இரவே ஊறப்போடவேண்டும். ரியூசன் நாளில் இரவு இடியப்பம் என்று எழுதினால் அந்த இரவு பாணும் கடைக்கறியும்தான் வரும். பிந்தும் நாளுக்கு மத்தியானக் கறியையே கூட வைத்து, இரவுக்குப் பிட்டு மட்டும் அவிப்பதாகத் திட்டமிட்டால் அது நடக்கும்.

5. கறியின் பெயரை எழுதாதீர்கள், இடத்தை எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதன்முதல் நான் போட்ட திட்டத்தில் ஏழு நாள், மூன்று வேளை, இருபத்தொரு வேளைக்கும் கறிப் பெயர் இருந்தது. சனி விளைமீன் குழம்பு, ஞாயிறு கணவாய், திங்கள் போஞ்சி வெள்ளைக்கறி என்று. சந்தையில் அன்று போஞ்சி விலை ஏறியிருந்தது, விளைமீன் கிட்டப் போகமுடியாத விலை. எழுதிவிட்டோமே என்று வாங்கினேன். மூன்று நாளில் கிழமைக் காசு முடிந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லோருமே இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள்.

இப்போது மத்தியானத்துக்கு நான்கு இடம் மட்டும் எழுதுகிறேன். சோறு ஒன்று. புரதக் கறி ஒன்று, அது மீனோ முட்டையோ பருப்போ. காய் ஒன்று. இலை ஒன்று. சனிக்கு நேரே “மீன், காய், இலை” என்றுதான் இருக்கும். என்ன மீன், என்ன காய் என்பதைச் சந்தை சொல்லும். கத்தரிக்காய் மலிந்து கிடந்தால் கத்தரிக்காய், இல்லையென்றால் பூசணி அல்லது புடோல்.

பழத்துக்கும் ஓர் இடம் வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 400 கிராம் பழமும் மரக்கறியும் என்கிறது, கிழங்கு அதில் சேராது. ஆப்பிள் வாங்கவேண்டியதில்லை. வாழைப்பழம், பப்பாப்பழம், கொய்யா போதும். மாம்பழக் காலத்தில் அதைவிட வேறென்ன வேண்டும்.

6. புரத இடத்தை முதலில் நிரப்புங்கள்

நான்கு இடங்களில் காசு கூடப் போவது இதற்குத்தான். அதனால் இதை முதலில் முடிவு செய்து, மிச்சக் காசில் மற்றவற்றைப் பாருங்கள். காயிலிருந்து தொடங்கினால் மீனுக்கு வரும்போது கை வெறுமையாகிவிடும்.

ஏழு மத்தியானத்தில் மூன்று பருப்பு அல்லது கடலை வகை, இரண்டு சிறுமீன், ஒன்று முட்டை, ஞாயிற்றுக்கு ஒன்று கோழி அல்லது நல்ல பெரிய மீன். பிள்ளைகள் கிழமை முழுவதும் எதிர்பார்ப்பது அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான். அதை வெட்டாதீர்கள்.

சிறுமீன் என்று நான் சொல்வது சூடை, கீரி, நெத்தலி போன்றவை. பாரை, விளைமீனைவிடப் பெரும்பாலும் மலிவு. நெத்தலியை முள்ளோடு சாப்பிடலாம் என்பதால் கல்சியமும் கிடைக்கும். சூடைக்கு முள் என்று பிள்ளைகள் முகம் சுளித்தால், புளி கூட விட்டு மெல்லிய நெருப்பில் நன்றாக வற்றவிடுங்கள், முள் மெதுவாகும். சின்னப் பிள்ளைக்கு நீங்கள்தான் முள் பார்த்துக் கொடுக்கவேண்டும்.

கூறு கட்டி விற்கும் மீனை வாங்கும்போது மேலே உள்ளதை மட்டும் பார்க்காமல் கிளறிப் பாருங்கள். கண் தெளிவாகவும் பூ (செவுள்) சிவப்பாகவும் இருக்கவேண்டும், விரலால் அமத்தினால் குழி நிற்கக்கூடாது. பெரிய கூறு மலிவாக வந்தால் பக்கத்து வீட்டோடு பங்கு போடலாம். குளிர்சாதனப் பெட்டி உள்ளவர்கள் வீட்டுக்கு வந்த உடனே வெட்டிக் கழுவி, ஒரு வேளைக்கு ஒரு பொதியாகப் பிரித்து உறையவிடுங்கள். மொத்தமாக வைத்தால் ஒரு வேளைக்காக எல்லாவற்றையும் உருகவிட நேரும்.

வாடைக்காற்றுக் காலத்தில், குறிப்பாகக் கார்த்திகை மார்கழியில், கடல் கொந்தளித்தால் வள்ளங்கள் இறங்காது. அந்தக் கிழமைகளில் மீன் இடத்துக்கு முட்டை, சோயாமீற், கருவாடு. கருவாட்டை ஊறவைத்து இரண்டு தரம் தண்ணீர் மாற்றி, கறிக்கு உப்பே போடாமல் சமையுங்கள். ஒரு ஆளுக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு இருக்கவேண்டும். அது ஒரு தேக்கரண்டிக்குள். கருவாட்டுக் குழம்போடு ஊறுகாயும் வைத்தால் ஒரு வேளையிலேயே தாண்டிவிடும்.

கிளினிக்கில் கர்ப்பிணித் தாய்க்கோ எடை குறைந்த பிள்ளைக்கோ திரிபோஷா என்ற சத்துமா கொடுத்திருந்தால் அதை வீட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். எல்லோருக்கும் உருண்டை பிடித்துப் பகிர்ந்தால் தேவைப்பட்டவருக்குப் போதாமல் போகும்.

7. இலைக்குக் காசு கொடுக்குமுன் வளவைப் பாருங்கள்

முருங்கை, பொன்னாங்காணி, வல்லாரை, முசுட்டை, பசளி. இவற்றில் இரண்டேனும் உங்கள் வளவிலோ வேலியிலோ நிற்கும். இல்லையென்றால் ஒரு முருங்கைத் தடி நடுங்கள். வல்லாரை கிணற்றடி ஈரத்தில் தானே படரும்.

வறையை அடுப்பால் இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி விடுங்கள். இலையில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுப்பதற்கு விற்றமின் சி உதவும். அது சூட்டில் அழியும் என்பதால்தான் இறக்கிய பிறகு. அதேபோல் சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிப்பதை நிறுத்துங்கள், ஒரு மணித்தியாலம் போகட்டும். தேயிலை இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வளர்ந்த பெண்பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

8. சந்தையில் வாங்கும் ஒழுங்கு

திருநெல்வேலி, சுன்னாகம், மருதனார்மடம், சாவகச்சேரி, கொடிகாமம், எது கிட்டவோ அங்கே போங்கள். நாலு ரூபாய் குறைவு என்று பஸ் ஏறித் தூரச் சந்தைக்குப் போனால் பஸ் காசில் அது போய்விடும்.

சாப்பிட்டுவிட்டுப் போங்கள். உள்ளே போனதும் வாங்காமல் ஒரு சுற்றுச் சுற்றி மூன்று நான்கு காயின் விலையைக் கேளுங்கள். பிறகுதான் கொப்பியில் உள்ள காய் இடங்களுக்குப் பெயர் எழுதவேண்டும்.

ஏழு காயையும் ஒரே குணமாக வாங்காதீர்கள். பூசணி, வாழைக்காய், கிழங்கு போன்றவை கிழமைக் கடைசிவரை நிற்கும். வெண்டிக்காய், பயத்தங்காய், புடோல் இரண்டு மூன்று நாளுக்குள் முடியவேண்டும். கீரை அன்றோ மறுநாளோ. கெதியில் கெடுவதை முதல் சமைத்தால் எறிவது குறையும். இது சின்ன விசயமாகத் தோன்றும், ஆனால் வீடுகளில் நடப்பது தலைகீழ். பூசணி எளிது என்று முதல் நாளே வெட்டிவிட்டு, வியாழனன்று மஞ்சளாகிப் போன பயத்தங்காயோடு நிற்பார்கள்.

தை முதல் பங்குனி வரை வலிகாமத் தோட்டத்து மரக்கறி குவியும், அப்போது அதைத்தான் வாங்கவேண்டும். கரட், லீக்ஸ், போஞ்சி எல்லாம் மலைநாட்டிலிருந்து லொறியில் வருகிறவை. அங்கே மழை கொட்டினால் இங்கே விலை ஏறும். சத்துக்கு அவைதான் வேண்டும் என்று ஒன்றுமில்லை. கரட்டுக்குப் பதில் பூசணியும் பப்பாப்பழமும் தாராளமாகப் போதும்.

அரிசி, பருப்பு, சீனி, தூள் சாமான்களைச் சங்கக்கடையிலோ சதோசவிலோ மாதத்துக்கு ஒருமுறை, எழுதிய துண்டோடு போய் வாங்குங்கள். துண்டில் இல்லாததை அன்று வாங்காதீர்கள்.

9. காலையும் இரவும்

காலைக்கு அவித்த பயறு அல்லது கௌபி கிழமையில் இரண்டு நாள். 250 கிராம் இரவே ஊறவைத்தால் காலையில் கெதியாக அவியும். தேங்காய்ப்பூவும் கட்டைச் சம்பலும் போதும். பாண் இரண்டு நாள், ஆனால் வெறும் ஜாமோடு அல்ல, பருப்போடு. மற்ற நாட்களில் பிட்டு, இடியப்பம், தோசை.

பிட்டு மாவில் மூன்றில் ஒரு பங்கு குரக்கன்மா சேர்க்கலாம். பிள்ளைகள் மறுத்தால் கால் பங்கில் தொடங்குங்கள். முருங்கையிலையை உதிர்த்துப் போட்டு அவித்தால் தனி வறை தேவையில்லை. ஒடியல்மா (காய்ந்த பனங்கிழங்கின் மா) கிடைத்தால் ஒடியல் பிட்டு, அல்லது மாரி இரவில் கூழ். மிச்சம் கிடக்கும் மீன், பயத்தங்காய், பலாக்கொட்டை, கீரை எல்லாம் கூழுக்குள் போய்விடும்.

மரவள்ளி மலிவு, ஆனால் கவனம் வேண்டும். தோலைத் தடிப்பாகச் சீவி, பானையை மூடாமல் நிறையத் தண்ணீரில் நன்றாக அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். நீலம் பாய்ந்த கிழங்கை வாங்கவே வேண்டாம்.

10. தேங்காயும் அடுப்பும்

சம்பல் அரைக்கும் வேளைக்குப் பால்கறி வைக்காதீர்கள், பால்கறி வைக்கும் வேளைக்குச் சம்பல் வேண்டாம். இந்த ஒன்றாலேயே எங்களுக்குக் கிழமைக்கு இரண்டு தேங்காய் மிஞ்சியது. முதற்பாலைச் சொதிக்கு வைத்துக்கொண்டு, காய் அவிய இரண்டாம் மூன்றாம் பால் விடலாம்.

12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர் மாட்டிய திகதியைக் கலண்டரில் எழுதுங்கள். கடலை, கௌபியை ஊறவைக்காமல் அவிப்பதுதான் எரிவாயுவை அதிகம் குடிப்பது. நீத்துப்பெட்டியில் பிட்டு அவியும்போது அடியில் கொதிக்கும் தண்ணீரிலேயே கழுவிய முட்டையை அவிக்கலாம்.

11. ஒரு மாதிரிக் கிழமை

எங்கள் கிழமை சனியில் தொடங்கும், அன்றுதான் சந்தை.

சனி மத்தியானம் சூடைக் குழம்பு, வெண்டிக்காய், கீரை. ஞாயிறு கோழிக்கறி, உருளைக்கிழங்கு கூடப் போட்டு இரவுப் பிட்டுக்கும் சேர்த்து, கூடவே வல்லாரைச் சம்பல். திங்கள் பருப்பு, பயத்தங்காய், முருங்கையிலை வறை. செவ்வாய் கடலைக் கறி, கத்தரிக்காய், தக்காளிச் சொதி. புதன் வேலையால் வரும் வழியில் வாங்கிய நெத்தலி, புடோல், பொன்னாங்காணி. வியாழன் முட்டைக் குழம்பு, பூசணி வெள்ளைக்கறி, தேசிக்காய் விட்ட முருங்கையிலை. வெள்ளி பருப்பு, வாழைக்காய், மிச்சப் பூசணி, தயிர்.

செவ்வாயிலும் வெள்ளியிலும் இலை இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். செவ்வாய் நான் பிந்தி வருவேன், வெள்ளி காய் இரண்டாகிவிடும். எல்லா இடமும் எல்லா நாளும் நிரம்பவேண்டும் என்று நின்றால் திட்டம் உடையும்.

சோற்றில் மட்டும் கவனம். சமைத்த சோற்றை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் விட்டுப் பிறகு சூடாக்கிக் கொடுக்காதீர்கள். அதில் உண்டாகக்கூடிய ஒருவகை நஞ்சு சூடாக்கினாலும் போகாது. அளந்து போட்டால் மிச்சமே வராது.

12. வெள்ளி இரவு பதினைந்து நிமிடம்

அடுத்த நாள் சந்தைக்கு முன் கொப்பியைத் திறந்து மூன்றே கேள்வி. எதை எறிந்தோம்? எந்த நாள் திட்டம் நடக்கவில்லை, ஏன்? போத்தல்களில் என்ன மிச்சம்? மிச்சம் இருப்பதை வரும் கிழமையின் முதல் இடங்களில் எழுதிவிட்டு, பிறகுதான் வாங்கவேண்டியதை எழுதுங்கள்.

முதல் கிழமை எல்லோருக்கும் பிழைக்கும். இரண்டாம் கிழமை அளவு பிடிபடும். பெரும்பாலும் நாலாம் கிழமையளவில் காசு மிஞ்சத் தொடங்கும். அதை அந்தக் கிழமையே செலவழிக்காமல் ஒரு பேணியில் தனியாகப் போட்டு வாருங்கள். மாசி பங்குனியில் காலபோக நெல் அறுவடையாகி அரிசி விலை இறங்கும்போது ஒரு மூட்டையாக எடுத்து, நன்றாக உலர்ந்த இடத்தில் நிலத்தில் படாமல் பலகை மேல் வைத்து, காய்ந்த வேப்பிலை போட்டுக் கட்டிவிடலாம்.